இன்ஸ்டால் செய்யும்முன் எதை மூட வேண்டும், எதை விடலாம்?

புது சாஃப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் செய்ய ஆரம்பித்தால் முதல் திரையிலேயே ஒரு வேண்டுகோள் வரும்: மற்ற புரோகிராம்களை எல்லாம் மூடிவிட்டுத் தொடருங்கள் என்று. பெரும்பாலானோர் அதைப் படிப்பதே இல்லை; கை நேராக ‘நெக்ஸ்ட்’ பட்டனுக்குப் போய்விடும். படிப்பவர்களிலும் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, திறந்திருப்பதை எல்லாம் மூடி, நெட்டைத் துண்டித்து, ஆன்டிவைரஸையும் நிறுத்திவிட்டு பயபக்தியோடு உட்காரும். இன்னொரு கட்சி, குரோமில் இருபது டேப், பாதி முடிந்த எக்செல், பின்னணியில் பாட்டு என்று எல்லாம் ஓட ஓடவே வேலையை முடிக்கும். முக்கால்வாசி நேரம் அவர்களுக்கும் ஒன்றும் ஆவதில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். “தம்பி, எல்லாத்தையும் மூடோணுமா?” என்று கணக்குப் பார்க்கும் அக்கா கேட்டால், சர்வீஸுக்கு வந்த பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் “ஆமாங்கக்கா, மூடிருங்க” என்பான். ஏன் என்று கேட்டால் “சிஸ்டம் லோடு ஆகுமுங்க” என்பான். மூடச் சொன்னது சரி. சொன்ன காரணம்தான் முப்பது வருஷம் பழசு.

உண்மையான காரணம் அந்தத் திரையிலேயே இருக்கிறது. பல இன்ஸ்டாலர்களில் அந்த வேண்டுகோளுக்கு அடுத்து இன்னொரு வாக்கியம் வரும். அப்படி மூடிவைத்தால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யாமலே தேவையான சிஸ்டம் ஃபைல்களைப் புதுப்பித்துவிடலாம் என்று சொல்கிற வாக்கியம். விஷயம் மொத்தமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. பிரச்சினை வேகமும் இல்லை, மெமரியும் இல்லை. எந்த ஃபைல் யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

விண்டோஸில் ஒரு புரோகிராம் ஓடத் தொடங்கியதும், அதன் இஎக்ஸ்இ ஃபைலையும் அது கூட்டிக்கொண்டு வரும் டிஎல்எல் ஃபைல்களையும் (புரோகிராம்கள் தேவைப்படும்போது எடுத்துப் பயன்படுத்தும் துணை ஃபைல்கள்) விண்டோஸ் பூட்டிவிடும். அந்தப் புரோகிராம் ஓடும்வரை அந்த ஃபைல்களின் மேல் வேறு யாரும் எழுத முடியாது, அழிக்கவும் முடியாது. காரணம், புரோகிராம் மொத்தமும் ஒரேயடியாக மெமரிக்குள் வந்துவிடுவதில்லை. தேவைப்படும் பக்கங்களை மட்டும் விண்டோஸ் அவ்வப்போது டிஸ்க்கிலிருந்து எடுத்து வரும். நடுவில் அந்த ஃபைல் வேறு ஒன்றாக மாறிவிட்டால், முதல் பாதி பழைய பதிப்பு, அடுத்த பாதி புதிய பதிப்பு என்று ஆகிவிடும். ஓடுகிற தறியில் பாவு மாற்ற முடியுமா? சோமனூரிலோ பல்லடத்திலோ தறி ஓட்டுகிற யாரிடமும் இதைக் கேட்கவே தேவையில்லை, நிறுத்தித்தான் மாற்றுவார்கள். விண்டோஸும் அதே கட்டாயத்தில்தான் பூட்டுப் போடுகிறது.

பூட்டிய ஃபைலை மாற்ற வேண்டிய நிலை வந்தால் இன்ஸ்டாலர் என்ன செய்யும்? புதிய ஃபைலை வேறு பெயரில் ஓரமாக வைத்துவிட்டு, “அடுத்த முறை கம்ப்யூட்டர் எழும்போது, வேறு எந்தப் புரோகிராமும் கை வைக்கும் முன்பு, பழையதை எடுத்துவிட்டு இதை அந்த இடத்தில் வை” என்று விண்டோஸிடம் ஒரு குறிப்பு கொடுத்துவிடும். இந்தக் குறிப்புகள், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பட்டியலாகச் சேரும். விண்டோஸ் 95 காலத்தில் இதற்கென்றே வின்இனிட்.இனி என்று ஒரு ஃபைல் இருந்தது. இன்ஸ்டால் முடிந்ததும் “இப்போதே ரீஸ்டார்ட் செய்யவா, பிறகு செய்துகொள்கிறீர்களா?” என்று கேட்கிறதே, அதன் பின்னால் பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான் இருக்கிறது. “பிறகு” என்று சொல்லிவிட்டுப் புதிய புரோகிராமைத் திறந்தால், அதன் பாதி ஃபைல்கள் புதியவை, பூட்டியிருந்தவை பழையவை. வருகிற விசித்திரமான எரர்கள் பல இந்த இடைவெளியில் பிறப்பவை.

அந்தப் பையன் சொன்ன ‘லோடு’ ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் எல்லாப் புரோகிராம்களும் ஒரே திண்ணையில் முறை போட்டு உட்கார வேண்டும்; ஒன்று முறையை விட்டுக்கொடுக்காமல் அடம் பிடித்தால் மொத்தமும் நின்றுவிடும். 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது அது கேட்ட குறைந்தபட்ச மெமரி 4 எம்பி. இன்று சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரில் 8 ஜிபி இருக்கிறது, அதாவது இரண்டாயிரம் மடங்கு. ஒரு எக்செல் திறந்திருப்பதால் இன்ஸ்டாலருக்கு மூச்சுத் திணறப்போவதில்லை.

அந்தக் காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. டிஸ்க் இடமும் மெமரியும் மிச்சமாகட்டும் என்று பல புரோகிராம்கள் ஒரே டிஎல்எல்லைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்தின. புதிதாக வருகிற ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தன்னிடம் இருக்கும் பதிப்பைக் கொண்டுவந்து விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போகும். சில சமயம் இருந்ததைவிடப் பழைய பதிப்பையே போட்டுவிடும். நேற்று வரை நன்றாக ஓடிய புரோகிராம் இன்று காலை திறக்காது. அதற்கும் நேற்று இன்ஸ்டால் செய்ததற்கும் வெளியே தெரிகிற எந்தச் சம்பந்தமும் இருக்காது. எல்லாவற்றையும் மூடு என்கிற கட்டளை அப்போது நியாயமானது, ஏனென்றால் எதை இன்ஸ்டால் செய்தாலும் அது எதைத் தொடும் என்று சொல்லவே முடியாது.

விண்டோஸ் 2000 தன் சிஸ்டம் ஃபைல்களுக்குத் தானே காவல் நின்றது. யாராவது மாற்றினால் பழையபடி திருப்பி வைத்துவிடும். 2001இல் எக்ஸ்பி, ஒரே டிஎல்எல்லின் வெவ்வேறு பதிப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வழி செய்தது. விஸ்டாவோடு ‘ரீஸ்டார்ட் மேனேஜர்’ என்ற ஏற்பாடு வந்தது. மூன்றிலும் நமக்கு நேரடியாகக் கண்ணில் படுவது இந்தக் கடைசி ஏற்பாடுதான்.

இன்ஸ்டாலர் தான் மாற்றப்போகும் ஃபைல்களின் பட்டியலை ரீஸ்டார்ட் மேனேஜரிடம் கொடுத்து, இவற்றை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும். அது பெயர் சொல்லும். அப்போதுதான் “கீழ்க்கண்ட புரோகிராம்கள் இந்த ஃபைல்களைப் பயன்படுத்துகின்றன” என்று ஒரு பெட்டி திரையில் வரும். அதில் வழக்கமாக இரண்டு வழி இருக்கும். அந்தப் புரோகிராம்களைத் தானே மூடி, வேலை முடிந்ததும் மறுபடி திறக்க முயல்வது ஒன்று. மூடாமல் தொடர்ந்து, கடைசியில் ரீஸ்டார்ட் செய்வது இன்னொன்று. என் கணக்கில், இந்தப் பெட்டி வந்தால் முதல் வேலை அதிலுள்ள பெயர்களைப் படிப்பது, அப்புறம் அந்தப் புரோகிராம்களுக்குப் போய் நாமே சேவ் செய்து நாமே மூடுவது. மறுபடி திறந்துகொள்ளும் திறமை எல்லாப் புரோகிராமுக்கும் கிடையாது. வேர்டு, எக்செல் போன்றவை திறந்திருந்த ஃபைலையும் மீட்டுக்கொண்டு வரும். உள்ளூரில் யாரோ எழுதிக் கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆக, இன்றைக்குக் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் மூட வேண்டுமா என்று கேட்பதைவிட, இப்போது வருவது எதைத் தொடும் என்று கேட்டால் விடை சுலபமாகக் கிடைக்கும்.

அதே பனியன் கம்பெனி அலுவலகத்துக்கு வருவோம். அந்த அக்காவின் கம்ப்யூட்டரில் டேலி திறந்திருக்கிறது, எக்செலில் காஸ்டிங் ஷீட், அவுட்லுக்கில் பையரோடு மெயில், குரோமில் ஜிஎஸ்டி தளம், கடிகாரம் பக்கத்தில் வாட்ஸ்அப், ஆன்டிவைரஸ், தமிழ் டைப் செய்ய ஒரு கீபோர்டு சாஃப்ட்வேர். லேபிள் அடிக்க ஒரு பார்கோடு பிரிண்டர் வந்திருக்கிறது, அதை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவரைப் போட வேண்டும். இதற்கு டேலியை மூட வேண்டுமா? வேண்டாம். ஆனால் அந்த லேபிள் சாஃப்ட்வேர் ஏற்கெனவே திறந்திருந்தால் அதை மூடித் திறப்பது நல்லது. சில புரோகிராம்கள் புதிய பிரிண்டரை அப்போதுதான் சரியாகப் பார்க்கும். எக்செலுக்கு ஒரு ஆட்-இன் (அதற்குள்ளேயே ஓடும் கூடுதல் வசதி) போடுவதானால் எக்செலைக் கட்டாயம் மூட வேண்டும், கூடவே அவுட்லுக்கையும் வேர்டையும் மூடிவிடலாம், ஏனென்றால் ஆபீஸ் புரோகிராம்கள் பல ஃபைல்களைத் தங்களுக்குள் பொதுவாக வைத்திருக்கின்றன. பிடிஎஃப் ரீடர் கதை கொஞ்சம் கள்ளத்தனமானது. ரீடர் மூடியிருந்தாலும், அவுட்லுக்கில் ஒரு இணைப்பை முன்னோட்டம் பார்த்துக்கொண்டிருந்தால் ரீடரின் ஃபைல் அங்கே பூட்டிக் கிடக்கும். மூடிய பிறகும் “மூடுங்கள்” என்று இன்ஸ்டாலர் அடம் பிடித்தால் இப்படி ஏதாவது ஒரு இடம் இருக்கும்.

டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன் வேறு வகை. கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகள் ஜிஎஸ்டி தாக்கலுக்கு அந்தக் கையெழுத்தைத்தான் போட வேண்டும். டோக்கனின் டிரைவரும், பிரவுசரையும் டோக்கனையும் இணைக்கிற சின்னப் புரோகிராமும் போட்டு முடித்தபின், ஏற்கெனவே திறந்திருந்த பிரவுசர் சில சமயம் டோக்கனைக் கண்டுகொள்ளாது. பிரவுசரை முழுக்க மூடித் திறந்தால் வந்துவிடும். மாதம் 20ஆம் தேதி, 3பி என்ற ஜிஎஸ்டி மாதக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளில், ஈரோட்டிலும் கோவையிலும் ஆடிட்டர் ஆபீஸ்களில் பதற்றத்தோடு டோக்கனைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவதற்குப் பதில் இதை முதலில் செய்து பார்க்கலாம். அந்தத் தேதியில் எதையும் புதிதாக இன்ஸ்டால் செய்யாமல் இருப்பது இன்னும் நல்லது.

தமிழ்க் கீபோர்டு சாஃப்ட்வேர்தான் இந்தப் பட்டியலில் உண்மையிலேயே ‘எல்லாவற்றையும் மூடு’ என்று சொல்லத் தகுந்தது. நாம் எந்தப் புரோகிராமில் தட்டினாலும் அம்மா என்று விழ வேண்டுமானால், அது எல்லாப் புரோகிராம்களோடும் ஒட்டிக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்டவற்றில் சில, திறந்திருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் தன் டிஎல்எல் ஒன்றை நுழைத்துவிடும். அதைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது நோட்பேடு முதல் குரோம் வரை எல்லோர் கையிலும் அந்த டிஎல்எல் இருக்கும். எழுத்துருவும் ஏறக்குறைய அப்படித்தான். ஆவணி முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி சென்டரில் புது எழுத்துருவைப் போட்டுவிட்டு, “லிஸ்ட்ல காணமுங்களே” என்று தேடுவது வழக்கமான காட்சி. பழைய பேஜ்மேக்கர் போன்றவை எழுத்துருப் பட்டியலைத் திறக்கும்போது ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளும். மூடித் திறந்தால் புது எழுத்துரு பட்டியலில் வந்து நிற்கும்.

மூடுவது என்றால் என்ன என்பதிலும் குழப்பம் இருக்கிறது. மேலே வலது மூலையில் பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல் மூடும்; புரோகிராம் மூடும் என்று உத்தரவாதம் இல்லை. வாட்ஸ்அப், ஆன்லைன் மீட்டிங் சாஃப்ட்வேர், கிளவுட் பேக்கப் போன்ற பல, கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஐகானாகப் போய் ஒளிந்துகொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அங்கேயுள்ள மேல் நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் பட்டியல் தெரியும். ஐகானில் வலது கிளிக் செய்து ‘எக்ஸிட்’ அல்லது ‘க்விட்’ கொடுப்பதுதான் உண்மையான மூடல்.

இதற்கு நேர் எதிரான கோடி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெயர் தெரியாததை எல்லாம் வரிசையாக ‘எண்ட் டாஸ்க்’ கொடுப்பவர்கள். அதில் பாதி விண்டோஸின் சொந்த வேலையாட்கள். அவர்களை அடித்து விரட்டினால் இன்ஸ்டாலும் சேர்ந்து படுத்துவிடும். டேட்டாவை எழுதிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமை அப்படி நிறுத்தினால் அந்த டேட்டா கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. இன்னொரு வேடிக்கையும் நடக்கும். சர்வீஸ் பையன் கோவையில் உட்கார்ந்து, தூரத்துக் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக கரூர் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பான். எல்லாவற்றையும் மூடுகிறேன் என்று எனிடெஸ்க்கையும் மூடிவிடுவான். அப்புறம் போன் போட்டு “அண்ணா, கொஞ்சம் திறந்து விடுங்ணா” என்று கெஞ்ச வேண்டியதுதான்.

ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வது பழைய பழக்கம். அது ஒவ்வொரு ஃபைலையும் தட்டிப் பார்த்து உள்ளே விடுவதால் அந்தக் காலத்தில் இன்ஸ்டாலர்கள் திணறியது உண்டு. இன்று முறையான சாஃப்ட்வேர் எதற்கும் பெரும்பாலும் இது தேவைப்படாது. “ஆன்டிவைரஸை ஆஃப் செய்தால்தான் இன்ஸ்டால் ஆகும்” என்று ஒரு சாஃப்ட்வேர் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கிராக் போட்ட டிசைன் சாஃப்ட்வேர்கள் எல்லாம் பாடுகிற ஒரே பாட்டு இது.

ஒரே நேரத்தில் இரண்டு இன்ஸ்டால் வேண்டாம். விண்டோஸோடு வரும் ‘விண்டோஸ் இன்ஸ்டாலர்’ என்ற ஏற்பாட்டின் வழியாக வருபவை ஒன்று முடியாமல் மற்றொன்றை விடாது. 1618 என்ற எரர் எண்ணோடு நிற்கும். பின்னணியில் ஏதாவது அப்டேட் ஓடினாலும் இது வரும். காத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும்.

இதுவரை சொன்னது ஒரு தனிக் கம்ப்யூட்டரைப் பற்றி. நம்ம ஊர் தொழிற்கூடங்களில் கம்ப்யூட்டர் தனியாக இருப்பது குறைவு. ஸ்பின்னிங் மில் அலுவலகத்தில் டேலி டேட்டா ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும், மற்ற மூன்று பேர் நெட்வொர்க் வழியாக அதே டேட்டாவைத் திறந்து வைத்திருப்பார்கள். டேட்டா இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் மூடிவிட்டு, புதிய பதிப்புக்கு மாற்றினால் போதாது. ஸ்டோர்ஸில் இருக்கிறவர் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டில் ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ என்ற பகுதியில் ‘ஓபன் ஃபைல்ஸ்’ பார்த்தால், எந்த ஃபைலை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். பேக்கப் எடுத்த பிறகே இதில் கை வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

கோவைப் பட்டறைகளில் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டும் பழைய சிஎன்சி மெஷின்களின் மெமரி சிறியது. ஒரு மோல்டு வெட்டுவதற்கான புரோகிராம் அதற்குள் அடங்காது. அதனால் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, கேபிள் வழியாகப் புரோகிராமைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவார்கள். மெஷின் வாங்க வாங்க வெட்டிக்கொண்டே போகும். அந்தக் கம்ப்யூட்டரில் யாரோ ஒரு டிரைவரை இன்ஸ்டால் செய்து, அது தானாக ரீஸ்டார்ட் ஆனால், மெஷின் நடு வெட்டில் நின்றுவிடும். கட்டர் நின்ற இடத்தில் ஜாபில் தழும்பு விழும். மணிக்கணக்காக வெட்டிய ஸ்டீல் கட்டை வீணாகலாம். இங்கே மூட வேண்டியது புரோகிராமை இல்லை. ஜாப் முடியும்வரை இன்ஸ்டாலைத்தான் தள்ளிப்போட வேண்டும்.

லினக்ஸில் இந்தப் பூட்டுத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அங்கே ஃபைலின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. பெயரைப் புதிய ஃபைலுக்கு மாற்றிவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பழைய உள்ளடக்கத்தைத் தான் மூடும்வரை பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஓட ஓடவே மாற்றலாம், ஆனால் மூடித் திறக்கும்வரை நாம் பயன்படுத்துவது பழையதைத்தான். பாதுகாப்புக்காக வந்த அப்டேட் என்றால் இது முக்கியம். விண்டோஸில் குரோம் போன்ற பிரவுசர்களும் இதே புத்தியைக் கடன் வாங்கியிருக்கின்றன: பதிப்பு எண்ணைப் பெயராக வைத்துப் புது ஃபோல்டர் ஒன்றில் புதியதை இறக்கி வைத்துவிட்டு, மூடித் திறக்கும்போது அதற்கு மாறிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போனில் ஆப் அப்டேட் ஆகும்போது அந்த ஆப்பை அதுவே மூடிவிடும். நாம் கவலைப்பட ஒன்றுமில்லை.

மூடுவதா வேண்டாமா என்று இவ்வளவு பேசினாலும், ஒரு விஷயத்தில் மட்டும் நான் பழைய கட்சிதான். சேவ் செய்யாத வேலை எதுவும் திறந்திருக்கக் கூடாது. இன்ஸ்டாலர் தானாக ரீஸ்டார்ட் செய்யலாம், ஸ்கிரீன் டிரைவர் மாறும்போது திரை இருண்டு புரோகிராம் உறையலாம், எல்லாவற்றுக்கும் மேலாக கரண்ட் போகலாம். 2012 வாக்கில் நம் பகுதியில் பகலில் மணிக்கணக்காக மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இப்போது நிலைமை அப்படி இல்லை. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணைமின் நிலையத்தை நிறுத்துகிற நாள் வரத்தான் செய்கிறது. யுபிஎஸ் பேட்டரி ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது என்றால், அன்று காலை பெரிய இன்ஸ்டால் எதையும் ஆரம்பிக்காதீர்கள். பாதியில் அறுந்த இன்ஸ்டால், எக்செல் திறந்திருந்ததைவிடப் பல மடங்கு தொல்லை.

கடைசியாக, அந்த ரீஸ்டார்ட். “நான்தான் தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுத்தானே போறேன், அது ரீஸ்டார்ட் ஆன மாதிரிதானே?” என்று பலர் கேட்கிறார்கள். விண்டோஸ் 8 முதல் அப்படி இல்லை. சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ போட்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம். நாம் திறந்த புரோகிராம்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் உள்பகுதி டிஸ்க்கில் அப்படியே சேமிக்கப்பட்டு, காலையில் அதே நிலையில் எழும். பூட்டிய ஃபைல்களை மாற்றச் சொல்லி இன்ஸ்டாலர் எழுதி வைத்த குறிப்பு முழுதாகப் புதிதாக எழும்போதுதான் செயல்படும். அதற்கு ‘ரீஸ்டார்ட்’ என்பதையே அழுத்த வேண்டும்.

சந்தேகம் இருந்தால் டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கம் போய் ‘சிபியு’ என்பதை அழுத்தி, கீழே ‘அப் டைம்’ என்ற இடத்தைப் பாருங்கள். முதலில் இருக்கும் எண், கடைசியாக முழுதாக எழுந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது. தினமும் ஷட் டவுன் செய்கிற கம்ப்யூட்டரில் அது பதினைந்து, இருபது என்று காட்டினால், போன வாரம் போட்ட சாஃப்ட்வேர் இன்னும் முழுதாக உட்கார்ந்திருக்காது.